ஜீப்பில் வந்தவர்கள் யாருடைய ஆட்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அணைக்கரையை ஒட்டி இருக்கிறது அந்த இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். சட்ட உதவி நாள் என்று மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். வந்த மனுக்கள் எல்லாம் நான் தர்மபுரி கோர்ட்டிலும் கிருஷ்ணகிரி கோர்ட்டிலும் அன்றாடம் பார்க்கிற ரகம்தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழை, பேரன் பெயரில் பைக் வாங்க முடியவில்லை, கல்லூரியில் கேட்கிற சான்றிதழ் கிடைக்கவில்லை. கடைசியாக ஓர் அம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதற்குள் பாலிதீன் உறை. உறைக்குள் ஒரு பள்ளிக்கூடப் படம், மூத்த மகனின் பிறப்புச் சான்று, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல். மடிப்பு விழுந்த இடங்களில் செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிப் போயிருந்தது.

1990 ஆடி மாதம், திருகோணமலைப் பக்கம் ஒரு கிராமம். ஜீப்பில் வந்தவர்கள், பத்தொன்பது வயதுப் பையனை "விசாரிச்சுப் போட்டு விடுறம்" என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. அந்த வருஷமே மிச்சக் குடும்பம் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

"தம்பி, ஒரு ஆளுக்கு மேல எண்டா வழக்குப் போடலாம். ஒரு அரசாங்கத்துக்கு மேல போடேலாதா?" என்று கேட்டார்.

"சுலபமில்லம்மா" என்றேன். அது பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஒருவருக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் அரசு இன்னொரு நாட்டுக்கோ மனிதர்களுக்கோ சட்டத்துக்குப் புறம்பாகக் கேடு செய்தால் அதற்கு அந்த அரசே பதில் சொல்லியாக வேண்டும் என்பது பன்னாட்டுச் சட்டத்தின் பழைய விதி. அந்த விதியைத் தொகுத்து எழுத ஐக்கிய நாடுகளின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 2001-ல் 59 பிரிவுகள் கொண்ட வரைவு முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. இன்றுவரை அது உடன்படிக்கையாக ஆகவில்லை. ஆனாலும் எந்த நாட்டுக்கு எதிராக வழக்கு நடந்தாலும் வக்கீல்களும் நீதிபதிகளும் முதலில் புரட்டுவது அந்த 59 பிரிவுகளைத்தான்.

அவற்றின் சாரம் இரண்டே கேள்விகள். செய்தது அரசின் ஆளா? செய்தது அந்த அரசு ஏற்றுக்கொண்ட கடமைக்கு மாறானதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பொறுப்பு வந்துவிடும். அமைச்சர் உத்தரவு போட்டாரா, தெரிந்துதான் நடந்ததா, உள்நோக்கம் என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் பிறகு வருகிற பேச்சு.

முதல் கேள்வியைத் தர்மபுரிக்காரர்களுக்கு விளக்க நான் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் இறங்கினார்கள். ஊர்ச்சனத்தை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். பெண்களில் 18 பேரை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடு கோழியை அறுத்துத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 155 பேர் வனத்துறை, 108 பேர் காவல்துறை, 6 பேர் வருவாய்த்துறை. தர்மபுரி மாவட்ட நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை இல்லை. சரியாக 12 வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல், சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்றது.

இந்த வழக்கை இங்கே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில், அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு சாதித்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் மறுப்பு செல்லாது என்று ஆன பிறகு அடுத்துக் கிளம்பும் வாதம் எங்கும் ஒன்றுதான்: "அவர்கள் செய்திருந்தாலும் நாங்கள் செய்யச் சொல்லவில்லையே". ரேஞ்சருக்கு வன்கொடுமை செய்யச் சொல்லி எந்த அரசாணையும் போகவில்லை என்பது உண்மை. அதனால் அது தனிமனிதக் குற்றம், அரசின் குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா?

பன்னாட்டுச் சட்டம் இந்த வாதத்தை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. 1914-ல் மெக்சிகோவில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ராணுவ அதிகாரிகள் பணம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. பாசறைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு சுட்டுக் கொன்றார்கள். பணம் பறிக்கச் சொல்லி யாரும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. 1929-ல் பிரான்ஸ்-மெக்சிகோ ஆணையம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: அவர்கள் அதிகாரிகள் என்ற கோலத்தில் நடந்துகொண்டார்கள், அந்தப் பதவி கொடுத்த பாசறையையும் ஆயுதத்தையும் பயன்படுத்தினார்கள். ஆகவே மெக்சிகோ பொறுப்பு. 2001 வரைவின் 7-ஆம் பிரிவு இதைத்தான் விதியாக எழுதி வைத்திருக்கிறது. அதிகாரத்தை மீறி நடந்தாலும், மேலிடத்து உத்தரவுக்கு எதிராகவே நடந்தாலும், அந்தப் பதவியில் நின்று செய்தது அரசின் செயலே. வாச்சாத்திக்கு வந்தவர்கள் சீருடையில், அரசு வண்டியில், சோதனை என்ற பெயரில் வந்தார்கள். யாருடைய ஆட்கள் என்ற கேள்விக்கு அதுவே போதுமான பதில்.

இந்த இடத்தில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் அரசு என்றால் சென்னையில் இருப்பதும் அரசு, டெல்லியில் இருப்பதும் அரசு. பன்னாட்டுச் சட்டத்துக்கு இந்தியா என்ற ஒரே அரசைத்தான் தெரியும். தமிழ்நாட்டு போலீஸ்காரர் ஒரு வெளிநாட்டுக்காரரை அடித்தால் அடித்தது இந்தியா. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், இரண்டு ஜெர்மானியச் சகோதரர்களைக் கைது செய்தபோது அவர்கள் தங்கள் தூதரகத்தை அணுகும் உரிமையைச் சொல்லாமலே விசாரித்து, 1999-ல் மரண தண்டனையையும் நிறைவேற்றியது. 2001-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவைத்தான் குற்றம் சொன்னது. "அது மாநிலத்தின் வேலை" என்ற சமாதானம் எடுபடவில்லை.

இதையே திருப்பிப் போட்டால் நம் ஓசூர்ப் பக்கத்து விவசாயிக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. பெங்களூருப் பக்கத்துக் கழிவு தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் இருந்து தண்ணீர் திறக்கும்போதெல்லாம் நுரை மலை மலையாகப் பொங்குகிறது. கனடாவின் டிரெய்ல் என்ற ஊரில் இருந்த உருக்காலைப் புகை எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியபோது, தன் மண்ணைப் பயன்படுத்தி அண்டை நாட்டுக்குக் கடுமையான கேடு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்று 1941-ல் தீர்ப்பானது. கனடா நஷ்ட ஈடும் கொடுத்தது. கெலவரப்பள்ளியில் நடப்பதும் அதே கதைதான். ஆனால் நடுவில் இருப்பது மாநில எல்லை. அதனால் அந்தச் சண்டை உச்ச நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும்தான் நடக்க வேண்டும்.

அம்மாவின் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஜீப்பில் வந்தவர்கள் யார் என்று பெயர் தெரியாது. வண்டி நம்பர் கிடையாது. அவர்கள் அரசின் ஆட்களே இல்லை, வேறு யாரோ என்றுகூட எதிர்த்தரப்பு சொல்லலாம். அப்போது வழக்கு அங்கேயே படுத்துவிடுமா?

இதற்குப் பதில் ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து வந்தது. 1981 செப்டம்பரில் தலைநகர் டெகுசிகல்பாவில் வெலாஸ்குவெஸ் என்ற மாணவரைச் சாதாரண உடையில் வந்த ஆட்கள் கடத்திக்கொண்டு போனார்கள். தேடிப் போன குடும்பத்திடம் "எங்களுக்குத் தெரியாது" என்றது அரசு. உடல் கிடைக்கவில்லை. 1988 ஜூலை 29-ல் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டி. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ஆட்களைக் காணாமல் ஆக்குவது ஒரு வழக்கமாகவே நடந்தது என்பது நிரூபணம் ஆகி, இந்த ஒரு சம்பவமும் அந்த வழக்கத்தோடு பொருந்திப் போகிறது என்றால் அதுவே சாட்சியம் என்றது நீதிமன்றம். கடத்தியவர் யார் என்றே தெரியாமல் போனாலும், தடுக்க வேண்டிய அளவுக்குத் தடுத்தாயா, நடந்த பிறகு உண்மையாக விசாரித்தாயா என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னது. மறு ஆண்டு, குடும்பத்துக்கு 7,50,000 லெம்பிரா (ஹோண்டுராஸ் நாணயம்) கொடுக்க உத்தரவானது.

என் கணிப்பில் இந்தச் சட்டத்துறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். செய்ததற்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதற்கும் அரசு பொறுப்பு. 1946-ல் அல்பேனியக் கடற்பரப்பில் கண்ணிவெடியில் சிக்கி இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சேதமாகி 44 மாலுமிகள் இறந்தார்கள். வெடியை வைத்தது அல்பேனியாதான் என்று நிரூபிக்க முடியவில்லை. தெரிந்திருந்தும் எச்சரிக்கவில்லை என்பதே போதும் என்று 1949-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2007-ல், செர்பியா மீது போஸ்னியா போட்ட வழக்கிலும் அப்படித்தான். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் 1995-ல் நடந்த இனப்படுகொலையைச் செய்தது செர்பிய அரசு என்று சொல்ல நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் தடுக்கத் தவறியதற்கும், செய்தவர்களைத் தண்டிக்கத் தவறியதற்கும் செர்பியாதான் பொறுப்பு என்றது. அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தமும் உண்டு. தடுக்கத் தவறியதாகச் சொல்லிவிட்டு, இழப்பீடாக ஒரு காசுகூட நிர்ணயிக்காமல், "இந்தத் தீர்ப்பே பரிகாரம்" என்று முடித்துவிட்டார்கள்.

பரிகாரம் என்று சட்டம் சொல்வது மூன்று வகை. முடிந்தால் பழையபடி ஆக்கிக் கொடு, முடியாததற்குப் பணம் கொடு, பணத்தால் ஆற்ற முடியாததற்குத் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேள். 1985-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள், கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலை வெடிவைத்து மூழ்கடித்ததில் ஒரு புகைப்படக்காரர் இறந்தார். மறு ஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளர் மத்தியஸ்தம் செய்து, பிரான்ஸ் மன்னிப்புக் கேட்க வேண்டும், நியூசிலாந்துக்கு 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றார். பிரான்ஸ் இரண்டையும் செய்தது. வல்லரசும் பணிய வேண்டி வந்தது என்று இதைச் சொல்வார்கள். எனக்குக் கண்ணில் படுவது வேறு: அங்கே வழக்காடியது நியூசிலாந்து. கேட்பதற்கு ஒரு நாடு இருந்தது.

சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. அம்மாவுக்காக யார் கேட்பார்கள்?

வழக்கை நம் ஊர் நீதிமன்றத்திலேயே போட்டால் என்ன என்று ஜூனியர் ஒருவர் என்னிடம் கேட்டார். உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம், 1908, பிரிவு 86: மத்திய அரசின் செயலாளர் ஒருவர் எழுத்தில் கொடுத்த சம்மதம் இல்லாமல் எந்த வெளிநாட்டு அரசின் மீதும் இந்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. சம்மதம் கிடைக்காவிட்டால் மனு நம்பர் ஆவதற்கு முன்பே கதை முடிந்தது. இந்தியாவில் மட்டும் இப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜிப் படை செய்த கொலைகளுக்காக இத்தாலிய நீதிமன்றங்கள் ஜெர்மனி மீது வழக்குகளை ஏற்றபோது, ஜெர்மனி ஹேக் நகரத்துக்குப் போனது. 2012 பிப்ரவரியில் ஜெர்மனி பக்கம் தீர்ப்பானது. குற்றம் எவ்வளவு கொடியதானாலும் ஒரு நாட்டின் கோர்ட்டில் இன்னொரு நாட்டைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதே விதி என்றார்கள்.

அப்படியானால் ஹேக்? அங்கே நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். அதுவும் இரண்டு நாடும் ஏதோ ஒரு வகையில் சம்மதித்திருந்தால்தான். இந்தியா கொடுத்திருக்கும் சம்மதத்தில் காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளை விலக்கி வைத்திருக்கிறது. தன் குடிமகனுக்கு நடந்த கேட்டைத் தனக்கு நடந்த கேடாக எடுத்துக்கொண்டு ஒரு நாடு வாதாடலாம் என்று ஒரு பழைய வழி உண்டு. அம்மா இந்தியக் குடிமகள் இல்லை. அவர் எந்த நாட்டுக் குடிமகளோ, அந்த நாட்டின் மீதே அல்லவா அவர் புகார்?

அந்த வழி திறந்திருந்தபோது என்ன நடக்கும் என்று நம் கடலோரத்தில் பார்த்தோம். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில், எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்களை இங்கே விசாரிக்க முடியாது, அவர்கள் தங்கள் அரசின் பணியில் இருந்த ஆட்கள், அவர்களுக்கு விலக்குரிமை உண்டு என்று 2020-ல் நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. படித்த எல்லாருக்கும் கோபம் வந்தது, எனக்கும் வந்தது. ஆனால் அதே தீர்ப்பு, அவர்கள் சுட்டது இந்தியாவின் கடற்பயண உரிமையை மீறியது, அரசின் ஆட்கள் செய்ததால் அதற்கு இத்தாலி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. இறந்தவர்கள் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த கிரிமினல் வழக்கை முடித்துவைத்தது. பணம் போதுமா என்பதில் எனக்குப் பேச்சே இல்லை, போதாது. ஆனால் இந்தியா என்ற நாடு பின்னால் நின்றதால் ஒரு கணக்காவது தீர்க்கப்பட்டது.

இன்னொரு வழக்கு இருக்கிறது. ஈழத்தமிழர் பற்றிப் பேசுகிற மேடைகளில் நான் அதைக் கேட்டதில்லை. மட்டக்களப்பில் ஓர் இறால் பண்ணை. அதில் ஹாங்காங் கம்பெனி ஒன்று பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி இறுதியில் பாதுகாப்புப் படையின் நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. பண்ணை ஊழியர்கள் 20 பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். கம்பெனி, பிரிட்டனும் இலங்கையும் 1980-ல் போட்டிருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, உலக வங்கியைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. அப்படி ஓர் ஒப்பந்தத்தை மட்டும் வைத்து அங்கே கம்பெனி ஜெயித்த முதல் வழக்கு அது. பண்ணையை அழித்தது அரசுப் படைதான் என்று தீர்ப்பாயம் முடிவு கட்டவில்லை. ஆனால் அந்தப் பகுதி படையின் கட்டுப்பாட்டில் இருந்தது, சந்தேகப்பட்ட ஆட்களைப் பண்ணையிலிருந்து அமைதியாக வெளியேற்றுவது போன்ற முன்னெச்சரிக்கை எதையும் எடுக்கவில்லை, ஆகவே இலங்கை பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கு 4,60,000 டாலரும் வட்டியும்.

தீர்ப்புத் தேதியைப் பாருங்கள்: 1990 ஜூன் 27. அம்மாவின் மகனை ஏற்றிக்கொண்டு போன ஜீப் அடுத்த மாதம் வந்தது.

இறாலுக்கும் குளத்துக்கும் போட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்கச் சட்டத்தில் வாசல் இருந்தது. அந்தப் பண்ணையில் வேலை பார்த்துச் செத்தவர்களின் வீட்டாருக்கு அந்த வாசலில் நிற்க இடமில்லை. ஒப்பந்தம் முதலீட்டாளரைப் பற்றியது, கூலிக்காரரைப் பற்றியது அல்ல. இதைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஓர் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பதற்குத் தேவையான சட்டம் 1990-லேயே முழுசாக இருந்தது. அதே நாட்டின் மீதே, அதே மாதிரிச் சம்பவத்துக்கே அது செயல்பட்டும் காட்டியது. இல்லாமல் போனது, பாதிக்கப்பட்ட மனிதர் உள்ளே நுழைய ஒரு கதவு.

வாச்சாத்திக்காரர்களுக்கு அந்தக் கதவு கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் ஊருக்குள் போய் நடந்ததை எழுதி எடுத்து வந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1995-ல் உயர்நீதிமன்ற உத்தரவில் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. அப்புறமும் 16 வருஷம் ஆனது. அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்து, ஆட்களை அடையாளம் காட்டி, குறுக்கு விசாரணையில் நின்று, ஊர் திரும்பினார்கள். ஓர் அரசின் ஆட்களை அதே அரசின் நீதிமன்றம் தண்டிக்க வைக்க முடிந்தது, அந்த நீதிமன்றம் அரசின் கைப்பிடிக்குள் முழுசாக இல்லாததால்.

அந்த மாதிரி கதவை இலங்கையிலும் ஒருவர் தட்டிப் பார்த்தார். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1980-லேயே சேர்ந்த இலங்கை, தனிமனிதர்கள் ஜெனீவாவில் உள்ள மனித உரிமைக் குழுவிடம் நேரடியாக முறையிட அனுமதிக்கும் கூடுதல் நெறியிலும் 1997-ல் சேர்ந்தது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கி நீண்ட சிறைத்தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு தமிழ்க் கைதி முறையிட்டார். 2004-ல் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. அந்த முடிவோடு அவர் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, கூடுதல் நெறியில் சேர்ந்ததே அரசமைப்புக்கு மாறானது என்று 2006-ல் தள்ளுபடி ஆனது. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டிப் பன்னாட்டுக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது அந்த 59 பிரிவுகளில் மூன்றாவது. ஏட்டில் அது தெளிவாகத்தான் இருக்கிறது.

இப்போது கொஞ்சம் வேறு மாதிரிக் காற்றும் வீசுகிறது. சில கடமைகள் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு மட்டும் பட்ட கடன் அல்ல, எல்லா நாடுகளுக்கும் பட்ட கடன் என்ற கொள்கை நீதிமன்றத்தில் நிற்கத் தொடங்கிவிட்டது. சித்திரவதை, இனப்படுகொலை போன்றவை அந்த வகை. 2019-ல் காம்பியா என்ற சின்ன ஆப்பிரிக்க நாடு, ரோஹிங்யா மக்களுக்காக மியான்மர் மீது ஹேக்கில் வழக்குப் போட்டது. காம்பியாவுக்கும் மியான்மருக்கும் எல்லையும் கிடையாது, பகையும் கிடையாது. உனக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வியை நீதிமன்றம் 2022-ல் ஒதுக்கித் தள்ளியது. 2023-ல் கனடாவும் நெதர்லாந்தும் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையைக் காட்டி சிரியாவை இழுத்தன. இலங்கையும் அந்த உடன்படிக்கையில் 1994-ல் சேர்ந்த நாடுதான். இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது, இன்னும் உறுதி செய்யவில்லை. காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையிலும் இந்தியாவின் நிலை அதே. நாம் கேட்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்றால் முதலில் நாமும் உள்ளே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாச்சாத்தி நடந்த மண்ணில் இருந்துகொண்டு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

இடையில், ஆளைத் தண்டிப்பதும் அரசைப் பொறுப்பாக்குவதும் வேறு வேறு வேலைகள். ஒரு தளபதிக்குத் தண்டனை கிடைப்பதால் அவர் நாட்டின் கடன் தீராது. நாடு இழப்பீடு கொடுத்ததால் தளபதி தப்பிக்கவும் முடியாது. ஆளைத் தண்டிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கையும் உறுப்பு நாடல்ல, இந்தியாவும் அல்ல.

ஜெனீவாவில் இன்னொரு வேலை நடக்கிறது. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றம் நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கையில் நடந்த மீறல்களுக்கான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வைக்க மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்கு அதிகாரம் கொடுத்தது. இந்தியா அன்று வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. 2022-லும் 2024-லும் அந்த வேலை நீட்டிக்கப்பட்டது. அது நீதிமன்றம் இல்லை, தீர்ப்புச் சொல்லாது. என்றைக்காவது ஒரு நாடு வழக்குப் போட முன்வந்தால் அன்றைக்குக் கையில் காகிதம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். மக்கள் கொடுக்கிற வாக்குமூலங்களுக்கு அங்கே இடமுண்டு.

இதை அம்மாவிடம் சொல்ல மறுபடி முகாமுக்குப் போனேன். இந்தத் தடவை மேசை இல்லை, அவர் வீட்டுத் திண்ணை. எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஜீப் என்ன நிறம், வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையா சாதா உடையா, எந்தப் பாஷையில் பேசினார்கள், எந்தப் பக்கம் வண்டி திரும்பியது, யார் யார் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் "யாருடைய ஆட்கள்" என்ற முதல் கேள்விக்கு ஒரு கல். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், தடுமாறவே இல்லை. நிறம், தார்ப்பாய் கிழிந்திருந்த இடம், முன்சீட்டில் இருந்தவர் இறங்காமலேயே கையைக் காட்டியது.

பிறகு, அவனைத் தேடி எங்கே போனீர்கள் என்று கேட்டேன். சட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. அரசின் ஆட்கள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவதும், பிறகு எங்களிடம் இல்லை என்று மறுப்பதும் சேர்ந்தால்தான் அது "வலிந்து காணாமல் ஆக்குதல்" என்ற குற்றம். அந்த மறுப்பு இருக்கிற வரைக்கும் மீறலும் தொடர்கிறது என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயம். 1990-ல் நடந்தது 1990-லேயே முடிந்துபோன விஷயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. இலங்கை 2016-ல் ஏற்ற காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையின் குழு பழைய சம்பவங்களைத் தனி முறையீடாக எடுக்காது. ஆனால் 1980-ல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கை 1990-லும் இலங்கையைக் கட்டித்தான் இருந்தது.

"காம்ப் வாசலுக்குத்தான் போனனான். மூண்டு நாள் போனனான். மூண்டாம் நாள் ஒரு ஆள் வெளிய வந்து, 'இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை, இனி வரவேண்டாம்' எண்டு சொன்னவர்."

அதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டேன். முழுவதும் முடிந்ததும் வாசித்துக் காட்டினேன். குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த வரியில் நிறுத்தச் சொன்னார்.

"மூண்டாம் நாள் பின்னேரம் எண்டு போடுங்கோ தம்பி. காலமையிலிருந்து நிண்டனான்."

பின்னேரம் என்ற சொல்லைச் சேர்த்தேன். அதற்கு முன்னால், காலையிலிருந்து வாசலில் நின்றதையும் எழுதினேன்.